ஈறில் ரத்தம் கசிந்தால் புரோபயாடிக் மாத்திரை போதுமா?

வாசகர் கேள்விகளுக்கு மதுரையைச் சேர்ந்த ஈறுநோய் மருத்துவர் பதில் அளிக்கிறார். இம்மாதம் வந்த கடிதங்களில் பல, வாய்க்கென்று விற்கப்படும் புரோபயாடிக் மாத்திரைகளை, அதாவது நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள் கொண்ட மாத்திரைகளைப் பற்றியவை. அவற்றிலிருந்து சில இங்கே.

டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 42 வயது. சில மாதங்களாகப் பல் துலக்கும்போது கீழ்ப்பற்களின் ஈறில் ரத்தம் கசிகிறது. பயந்துபோய் அந்த இடத்தில் பிரஷ் படாமல் துலக்கி வருகிறேன். பல் ஆஸ்பத்திரிக்குப் போனால் சுத்தம் செய்யச் சொல்வார்கள், சுத்தம் செய்தால் பல் ஆடத் தொடங்கிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். சென்னையில் இருக்கும் என் நாத்தனார் மகள், ஈறுக்கென்றே புரோபயாடிக் மாத்திரை வந்திருக்கிறது, இரவில் ஒன்று சப்பினால் ரத்தம் நின்றுவிடும் என்கிறாள். வாங்கிச் சாப்பிடலாமா?
– வாசகி, திருமங்கலம்

சகோதரி, மாத்திரையைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரத்தம் கசிகிற அந்த இடத்தை இனி ஒதுக்காதீர்கள். மிருதுவான பிரஷ்ஷை எடுத்து, இன்று இரவிலிருந்தே அங்கும் துலக்கத் தொடங்குங்கள். ரத்தம் வருகிறது என்பதற்காகத் துலக்காமல் விட்டால் அழுக்கு மேலும் சேரும், ஈறு மேலும் வீங்கும், ரத்தம் மேலும் கசியும். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தச் சுழலில்தான் சிக்கியிருக்கிறார்கள்.

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ மெல்லிய படலம் ஒன்று படிகிறது. அது உணவுத் துணுக்கு மட்டுமன்று. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தங்களைச் சுற்றிப் பசை போன்ற ஒன்றைச் சுரந்து அமைத்துக்கொண்ட குடியிருப்பு. வண்டியூர் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் படியும் பாசியை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது போகாது, தேய்த்தால்தான் போகும். வாய்ப்படலமும் அப்படியே. தேய்க்காமல் விட்டால் உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் படிந்து, சில நாட்களிலேயே கல்லாக இறுகத் தொடங்கும். அதைத்தான் பல் காரை என்கிறோம். காரை ஆன பிறகு பிரஷ்ஷால் அதை எடுக்க முடியாது.

ஈறு வீக்கத்துக்கு இந்தப் படலமே காரணம் என்பது 1965 ஆம் ஆண்டிலேயே தெளிவாகிவிட்டது. டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹெரால்ட் லோ என்பவரும் அவருடைய குழுவினரும், ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 நாள் முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடியும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. மருந்து, மாத்திரை எதுவும் தரப்படவில்லை. ஈறு மட்டும் வீங்கியிருக்கும் தொடக்க நிலையில், ஒழுங்காகத் துலக்கினாலே அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதுதான் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய நல்ல செய்தி. ஆனால் வீக்கம் உள்ளே இறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கத் தொடங்கிவிட்டால், போன எலும்பு பெரும்பாலும் போனதுதான். மீதி இருப்பதைக் காப்பாற்றுவதே பிறகு எங்கள் வேலையாகிவிடும். ஆகவே காலம் தாழ்த்தாதீர்கள்.

சுத்தம் செய்தால் பல் ஆடும் என்ற அச்சம் நம் ஊரில் படித்தவர்களிடமும் இருக்கிறது. கீழ் முன்பற்களின் உட்புறத்தில், நாக்கு படும் பக்கத்தில், காரை மிகுதியாகச் சேரும். உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் நாக்குக்கு அடியில் அங்கேதான் திறக்கிறது. இருக்கையில் அமர்ந்திருப்பவரின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, வாய்க்குள் சிறு கண்ணாடியை வைத்து அந்த இடத்தைக் காட்டினால், நான்கு பற்களையும் சேர்த்து ஒரே மஞ்சள் கட்டியாகக் காரை கட்டியிருப்பதைப் பார்த்து அவர்களே திடுக்கிடுவார்கள். அதை எடுத்ததும் பற்களுக்கிடையே சந்து தெரியும், வீக்கம் வடிந்த ஈறு சற்றுக் கீழே இறங்கியிருக்கும், குளிர்ந்த தண்ணீர் சில நாட்கள் கூசும். அந்த இடைவெளியை உண்டாக்கியது சுத்தம் செய்த கருவி அன்று. எலும்பு ஏற்கெனவே கரைந்துபோன இடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருந்தது. காரை பிடித்து நிறுத்திய பல்லை விட, காரை இல்லாத பல்லே நீண்ட காலம் நிற்கும்.

இப்போது உங்கள் நாத்தனார் மகள் சொன்ன மாத்திரைக்கு வருகிறேன். அவர் சொன்னது கட்டுக்கதை அன்று. போதுமான அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்களையே புரோபயாடிக் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் 2001 ஆம் ஆண்டில் வரையறுத்தன. ஈறுக்கு மிகுதியாக ஆராயப்பட்டது ரியூட்டரி என்ற லாக்டோபாசில்லஸ் வகை. அது தீய நுண்ணுயிர்களைத் தடுக்கும் ரியூட்டரின் என்ற பொருளைச் சுரக்கிறது. ஈறின் அழற்சியையும் ஓரளவு தணிக்கிறது. 2006 இல் ஸ்வீடனில் நடந்த ஆய்வில், இந்த நுண்ணுயிர் சேர்த்த சூயிங்கத்தை இரண்டு வாரம் மென்றவர்களுக்கு ஈறு வீக்கமும் ரத்தக் கசிவும் குறைந்தன. 2013 இல் வெளியான மற்றோர் ஆய்வில், முற்றிய ஈறுநோய் உள்ள 30 பேருக்கு ஆழமாகச் சுத்தம் செய்த பிறகு, பாதிப் பேருக்கு இந்த மாத்திரையும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் 12 வாரம் தரப்பட்டன. மாத்திரை எடுத்தவர்களுக்கு, ஈறு பல்லை விட்டு விலகுவதால் உண்டாகும் ஈறுப் பைகளில் ஆழமானவற்றில் கூடுதல் பலன் தெரிந்தது.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை. சிலவற்றில் பலன் தெரிந்தது, வேறு சிலவற்றில் தெரியவில்லை. இவற்றையெல்லாம் ஒன்றாக எடைபோட்ட ஐரோப்பிய ஈறுநோயியல் கூட்டமைப்பு, 2020 இல் வெளியிட்ட சிகிச்சை நெறிமுறையில், ஈறுக்கு அடியில் சுத்தம் செய்யும் சிகிச்சையோடு புரோபயாடிக்கையும் சேர்த்துத் தர வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. தீங்கு என்பதனால் அன்று, செலவுக்கேற்ற சான்று போதவில்லை என்பதனால். சுத்தம் செய்யாமல் மாத்திரையை மட்டும் சப்பினால் நோய் குணமாகும் என்று காட்டிய நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை. வெளியிலிருந்து வரும் இந்த நுண்ணுயிர்கள் வாயில் நிலையாகக் குடியேறுவதும் இல்லை. மாத்திரையை நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலும் மறைந்துவிடும்.

எனவே உங்கள் கையில் இருக்கும் பணத்தை முதலில் பல் சுத்தம் செய்துகொள்வதற்குச் செலவிடுங்கள். அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் கட்டணமின்றியும், பல் மருத்துவக் கல்லூரிகளில் குறைந்த கட்டணத்திலும் செய்துகொள்ளலாம். அதன்பின் காலையும் இரவும் இரண்டு நிமிடம், பிரஷ்ஷின் முனையை ஈறு விளிம்பை நோக்கிச் சாய்த்துப் பிடித்து, சிறிய அசைவுகளாகத் துலக்குங்கள். பல்லிடுக்குகளுக்கு இடுக்கு பிரஷ்ஷையோ பல் நூலையோ பயன்படுத்துங்கள். இவ்வளவும் செய்த பிறகு, துணையாக மாத்திரையும் எடுத்துப் பார்க்க விரும்பினால் நான் தடுக்க மாட்டேன். துலக்காமலேயே ரத்தம் கசிந்தாலோ, அதோடு காய்ச்சலோ உடம்பில் காரணமில்லாமல் கன்றிய நீலத் திட்டுகளோ இருந்தாலோ, பல் மருத்துவரோடு நில்லாமல் பொது மருத்துவரிடமும் சென்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் காலையில் பழைய சோறும் மோரும்தான். கோடையில் கம்பங்கூழ். இட்லி மாவையும் வீட்டில்தான் புளிக்க வைக்கிறோம். இவற்றில் இல்லாத நுண்ணுயிரா மாத்திரையில் இருக்கிறது? இவற்றைச் சாப்பிட்டாலே ஈறுக்குப் போதாதா?
– வாசகர், சோழவந்தான்

ஐயா, நீங்கள் சாப்பிடுவது நல்ல உணவு, அதை விட்டுவிடாதீர்கள். தயிரிலும் மோரிலும் இரவு ஊறிய சோற்று நீரிலும் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்கின்றன. இட்லியின் கதை வேறு. மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் கொப்பரையின் ஆவியில் வெந்து இறந்துவிடுகின்றன. மாவு புளித்ததால் செரிமானத்துக்குக் கிடைக்கும் நன்மை மிஞ்சுகிறது. உயிருள்ள நுண்ணுயிர் மிஞ்சுவதில்லை.

ஆனால் உயிருள்ள நுண்ணுயிர் எல்லாமே புரோபயாடிக் ஆகிவிடாது. ஒரே இனத்துக்குள் எத்தனையோ வகைகள் இருக்கின்றன, அவற்றில் ஒரு குறிப்பிட்ட வகை இன்ன நன்மையைத் தருகிறது என்று மனிதர்களிடம் சோதித்துக் காட்டியிருந்தால்தான் அதற்கு அந்தப் பெயர் பொருந்தும். உங்கள் வீட்டு உறைமோரில் எந்த வகை இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு, பருவத்துக்குப் பருவம் மாறும். மோரும் நீராகாரமும் வாயில் தங்காமல் நேரே தொண்டைக்குள் இறங்கிவிடுவது இன்னொரு குறை. ஈறுக்கான மாத்திரையை மெல்லாமல் மெதுவாகக் கரைய விடச் சொல்வது, நுண்ணுயிர்கள் வாயில் சிறிது நேரமாவது தங்க வேண்டும் என்பதற்காகவே.

தயிரின் கால்சியமும் பால் புரதமும் பல்லுக்கு நல்லவை, மோரோடு ஒரு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்வதில் எந்தத் தீங்கும் இல்லை. புளித்த பானத்தைக் குடித்த உடனே பல் துலக்குவதை மட்டும் தவிர்த்து, வாய் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுத்துத் துலக்குங்கள். அமிலம் பட்டவுடன் எனாமல் சற்று இளகியிருக்கும். இவ்வளவு நல்ல உணவு உண்பவர்களின் வாயிலும் நான் காரையைப் பார்க்கிறேன், ஐயா. உணவு நல்லதாக இருப்பது துலக்குவதற்கு மாற்றாகாது.

மருந்துக் கடையில் கொடுத்த வாய் கொப்பளிக்கும் மருந்தையும் புரோபயாடிக் மாத்திரையையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாமா?
– வாசகி, செல்லூர், மதுரை

வேண்டாம். பெரும்பாலும் தரப்படும் குளோர்ஹெக்சிடின் என்ற மருந்து நல்லது கெட்டது பார்க்காமல் நுண்ணுயிர்களைக் கொல்லும். மாத்திரையில் காசு கொடுத்து வாங்கிய நுண்ணுயிர்களும் அதில் சாகும். மருத்துவர் சொன்ன நாட்களுக்கு, வழக்கமாக இரண்டு வாரத்துக்கு மிகாமல், அந்த மருந்தைப் பயன்படுத்திவிட்டு நிறுத்துங்கள். அதைத் தொடர்ந்து பயன்படுத்தினால் பற்களில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் சுவை மாறும். மாத்திரை எடுப்பதானால் அதற்குப் பிறகு எடுங்கள்.

எந்தக் கொப்பளிப்பு மருந்தும் தடித்த படலத்தின் உள்ளே முழுமையாகச் செல்வதில்லை. தம் பற்களுக்கிடையே இருந்த வெள்ளைப் படிவை நுண்ணோக்கியில் வைத்து, அதில் நெளிந்த உயிர்களை 1683 இல் உலகுக்கு முதன்முதலாக விவரித்த ஹாலந்து நாட்டின் லேவன்ஹூக், வினிகர் எனப்படும் காடியால் வாய் கொப்பளித்துப் பார்த்து, வெளியே இருந்த உயிர்கள் மட்டுமே இறந்தன என்றும் எழுதியிருக்கிறார். அன்று அவர் கண்டதுதான் இன்றும் நிலைமை.

என் மகளுக்கு 7 வயது. இப்போதே மூன்று கடைவாய்ப் பற்கள் சொத்தை. குழந்தைகளுக்கான புரோபயாடிக் மிட்டாய் கொடுத்தால் மற்றப் பற்கள் சொத்தையாகாமல் காக்கலாமா?
– வாசகி, மேலூர்

அம்மா, சொத்தையைத் தடுப்பதற்கு நிரூபிக்கப்பட்ட வழி கையருகில் இருக்கும்போது, நிரூபணம் போதாத ஒன்றைக் குழந்தைக்குத் தேட வேண்டாம். 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) அளவாவது ஃபுளோரைடு உள்ள பற்பசையைப் பட்டாணி அளவு எடுத்து, காலையும் இரவும் நீங்களே கூட நின்று துலக்கிவிடுங்கள். குழந்தைகளுக்கென்று வண்ணப் படத்தோடு விற்கும் சில பற்பசைகளில் ஃபுளோரைடு இல்லை, அல்லது மிகக் குறைவு. பெட்டியில் பார்த்து வாங்குங்கள். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டு அலசிக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும்.

இனிப்பைப் பொறுத்தவரை எவ்வளவு தின்கிறது என்பதை விட எத்தனை முறை தின்கிறது என்பதே பெரிது. ஒவ்வொரு முறை இனிப்பு வாயில் பட்ட பிறகும் அரை மணி நேரம் அளவுக்குப் பல்லின் மேல் அமிலம் நிற்கும். கடைவீதிக்குப் போன நாளில் ஒரு ஜிகர்தண்டா குடிப்பதை விட, நாள் முழுவதும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு மிட்டாயை வாயில் அடக்கிக்கொள்வது பல்லுக்குக் கேடு. கருப்பட்டியானாலும் வெல்லமானாலும் பல்லுக்கு அதுவும் சர்க்கரையே; பருத்திப்பால் குடித்தாலும் குடித்தவுடன் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். புரோபயாடிக் மிட்டாயில் சர்க்கரை சேர்த்திருந்தால் அது சொத்தையைத் தடுப்பதற்குப் பதிலாகச் சொத்தைக்கே வழி செய்யும். இந்த வயதில்தான் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் முளைத்திருக்கும். அவற்றின் குழிகளை அடைக்கும் பூச்சு பற்றி உங்கள் பல் மருத்துவரிடம் கேளுங்கள். அதனால் கிடைக்கும் பாதுகாப்பு மிட்டாயில் கிடைக்காது.

கல்லூரியில் படிக்கிறேன். வாய் நாற்றத்தால் நண்பர்களோடு நெருங்கிப் பேசவே தயங்குகிறேன். கே12 என்ற புரோபயாடிக்கை இணையத்தில் தருவித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். சரியான மருந்தை எப்படிப் பார்த்து வாங்குவது?
– வாசகர், அண்ணா நகர், மதுரை

தம்பி, கூச்சப்படாமல் கேட்டது நல்லது. வாய் நாற்றம் பெரும்பாலும் நாக்கின் பின்பகுதியில் படியும் வெள்ளைப் படிவிலிருந்தும், ஈறின் இடுக்குகளிலிருந்தும் வருகிறது. வயிற்றிலிருந்து வருவது மிக அரிது. கே12 என்பது நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் டாக் என்ற நுண்ணுயிரியலாளர் ஆராய்ந்து கண்ட, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சலிவேரியஸ் என்ற நுண்ணுயிரின் ஒரு வகை. பிற நுண்ணுயிர்களைத் தடுக்கும் சலிவேரிசின் என்ற பொருளை அது சுரக்கிறது. 2006 இல் வாய் நாற்றத்துக்கு அதைச் சோதித்தபோது முதலில் நாக்கை வழித்து, குளோர்ஹெக்சிடினால் கொப்பளிக்க வைத்து, அதன் பிறகே மாத்திரை தந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆகவே நாக்கு வழிப்பான் ஒன்றை வாங்கி, நாக்கின் பின்பகுதி வரை தினமும் மெதுவாக வழியுங்கள்; பல் மருத்துவரிடம் ஈறைக் காட்டுங்கள்.

வாங்குவதானால் உறையில் நுண்ணுயிரின் முழுப் பெயரோடு வகைக் குறியீடும் இருக்கிறதா என்று பாருங்கள். கே12, எம்18, அல்லது ரியூட்டரியானால் டிஎஸ்எம் 17938, ஏடிசிசி பிடிஏ 5289 என்பவை அத்தகைய குறியீடுகள். வெறுமனே 'லாக்டோபாசில்லஸ்' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் வைத்துவிடுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஒரு நாள் அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை தயாரித்த நாளுக்கு உரியதா, காலாவதி நாள் வரை இருக்கும் என்று உறுதி சொல்கிறார்களா என்பதையும் பாருங்கள். வயிற்றுப்போக்குக்குத் தரும் கேப்ஸ்யூல் இதற்கு உதவாது. அது குடலுக்குப் போய்த் திறப்பதற்காகச் செய்யப்பட்டது.

நம் ஊரில் இதைவிடவும் எண்ணிப் பார்க்க வேண்டியது வெயில். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் வெயிலில் கூரியர் வண்டியிலும் குளிர்வசதி இல்லாத கடை அலமாரியிலும் நாட்கணக்கில் கிடந்த பெட்டியில் எத்தனை நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்கும் என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. உறையில் 25 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று இருந்தால், அப்படி வைத்திருக்கும் கடையில் நேரில் வாங்கி, வீட்டிலும் அப்படியே வையுங்கள். இரவில் துலக்கி முடித்த பிறகு ஒன்றை மெதுவாகக் கரைய விட்டு, அதன்பின் எதையும் உண்ணாமல் பருகாமல் உறங்குங்கள். மூன்று மாதத்தில் மாற்றம் தெரியாவிட்டால் பணத்தை வீணாக்காமல் நிறுத்திவிடுங்கள்.

எனக்கு 61 வயது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு. கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். வெற்றிலை, பாக்கு, புகையிலை பழக்கம் இருக்கிறது. ஈறு தடித்துப் பல்லை மூடுவது போல் வளர்கிறது, ஆனால் ரத்தம் வருவதில்லை. மகன் புரோபயாடிக் வாங்கித் தந்திருக்கிறான். சாப்பிடட்டுமா?
– வாசகர், உசிலம்பட்டி

ஐயா, அந்த மாத்திரையை இப்போதைக்கு ஓர் ஓரமாக வைத்துவிட்டு, இந்த வாரமே பல் மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் ஒவ்வொன்றும் முக்கியமானது.

அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். வலிப்புக்குத் தரும் பெனிட்டாயினுக்கும் இந்தக் குணம் உண்டு. வாயில் அழுக்கு இருந்தால் அந்த வளர்ச்சி இன்னும் கூடும். அம்லோடிபின் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது; இந்த ஈறைப் பற்றிச் சொன்னால் உங்கள் மருத்துவர் தேவைக்கேற்ப வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார். ரத்தம் வரவில்லை என்று ஆறுதல் அடையாதீர்கள். புகையிலை ஈறுநோயின் அடையாளங்களை மறைத்துவிடக்கூடியது. ரத்தம் வராத ஈறின் அடியிலும் எலும்பு கரைந்துகொண்டிருக்கலாம். புகையிலை இல்லாத பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வெறும் வெற்றிலையைப் பற்றி எனக்குக் குறையில்லை. பாக்கையும் புகையிலையையும் விட்டுவிடுங்கள். வாயில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாயைத் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே காட்டுங்கள்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறுநோய் முற்றும்; ஈறுநோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். ஈறுக்குச் சிகிச்சை பெற்ற சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று, நான்கு மாதங்களில், ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மகன் அக்கறையோடு வாங்கித் தந்திருக்கிறார். அவரையே உடன் அழைத்துக்கொண்டு, நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியிருக்கிறார்கள். நான் புரோபயாடிக் எடுக்கலாமா?
– வாசகி, வாடிப்பட்டி

உங்கள் இதய மருத்துவர் எழுத்தில் சம்மதிக்காமல் எடுக்க வேண்டாம், அம்மா. ஆரோக்கியமானவர்களுக்கு இந்த நுண்ணுயிர்கள் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. ஆனால் செயற்கை வால்வு உள்ளவர்கள், புற்றுநோய்க்கு ஊசி மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு, அரிதாக என்றாலும், அவை ரத்தத்தில் கலந்து நோயை உண்டாக்கியிருக்கின்றன. உங்கள் ஈறில் வீக்கமோ கசிவோ இருந்தால் அதைக் கட்டாயம் சரிசெய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் கசியும் ஈறு வழியாக வாயின் சொந்த நுண்ணுயிர்களே வால்வைச் சென்றடையக்கூடும். காரை எடுக்கப் போகும்போது வால்வு இருப்பதை முதலிலேயே பல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சுத்தம் செய்வதற்கு முன் ஆன்டிபயாட்டிக் மாத்திரை தருவார்.